கெட்டிக்காரப் பிள்ளை யாருடைய பிள்ளை?

அறிவிற் சிறந்த பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலை போதாது, அவர்களுடைய ஆற்றலுக்கு ஈடு கொடுக்கக்கூடியது சர்வதேசப் பாடவிதானம் ஒன்றே என்ற பேச்சு, கொழும்புக் கறுவாத்தோட்டத்து மாளிகைகளில் வெகுகாலம் உலாவிய பின்னர், இப்போது திருகோணமலையிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள நம் புல்மோட்டைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு உயர்ந்த உத்தியோகத்தரும் பெருவர்த்தகரும் பேசிய பேச்சு இது. இன்று கரைவலை இழுப்பவரும், கனிய மணல் ஆலையில் வேலை செய்பவரும், கட்டாரிலும் சவூதியிலும் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புவோரின் மனைவியரும் இதைப் பேசுகிறார்கள். ஆசை பரவலாகிவிட்டது, வசதி பரவலாகவில்லை. இந்த இடைவெளியிலேதான் வியாபாரம் நடக்கிறது. அந்த வியாபாரத்தைப் பற்றியும், அதற்கு நம்மையறியாமலே தரகு வேலை பார்த்துவரும் ஆசிரியர்களாகிய நம்மைப் பற்றியும் சில வார்த்தைகளை ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு இரண்டாந் தவணை முடிவில் ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். கணவர் கட்டாரில் கொத்து வேலை. மூன்று பிள்ளைகள், மூத்தவள் எட்டாந் தரத்தில் நம்மிடம் படிக்கிறாள். கணிதத்தில் அவளுடைய கூர்மையை நாம் அறிவோம். வகுப்பில் கரும்பலகையில் எழுதிய கணக்கை ஆசிரியர் முடிக்கு முன்னரே முடித்துவிட்டு, வேறு வழியிலும் இதைச் செய்யலாமே என்று கேட்கும் பிள்ளை அவள். தாயின் கையில் ஒரு விளம்பரத்தாள் இருந்தது. பளபளக்கும் காகிதம்; புல்வெளி, ஆய்வுகூடம், கழுத்துப்பட்டி அணிந்த பிள்ளைகள். விசேட ஆற்றலுடைய பிள்ளைகளுக்கு உலகத் தரம் வாய்ந்த கல்வி என்று அதிலே எழுதியிருந்தது. கட்டணம் எழுதியிருக்கவில்லை; தொலைபேசியில் கேட்டறிந்திருந்தார். அனுமதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கலாம், மாதக் கட்டணத்துக்கு வாப்பா அனுப்புவது போதும், ஆனால் தம்பிமார் இருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது என்று அவரே கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

“சேர், இவள் இங்க இருக்கவேண்டிய பிள்ளை இல்ல எண்டு நீங்கதானே சொன்னீங்க. இப்ப எங்க அனுப்புற எண்டும் நீங்களே சொல்லுங்க” என்றார்.

நாம் சொன்னது உண்மை. பெற்றோர் கூட்டத்தில், பலர் முன்னிலையில், பாராட்டாக எண்ணிச் சொன்னோம். அந்த வாக்கியத்தின் மறுபாதி அப்போது நம் செவியில் விழவில்லை. இவள் இங்கே இருக்க வேண்டியவள் அல்லள் என்றால், இங்கே இருக்க வேண்டியவர்கள் யாவர்? அந்த வகுப்பிலிருந்த ஏனைய முப்பத்தெட்டுப் பிள்ளைகளுமா? அவர்களுக்கு இந்தப் பாடசாலை போதும் என்று தீர்ப்பளித்தவர் யார்? நாமே அல்லவா! விளம்பரத்தாளை அச்சடித்தவன் சொன்னதையே, அவன் கொடுக்கும் சம்பளம் ஒரு சதமும் வாங்காமல், நாமும் சொல்லியிருக்கிறோம்.

ஆதலால் முதலில் ‘சர்வதேசம்’ என்ற சொல்லைச் சற்று உரைத்துப் பார்ப்போம். நம் நாட்டிற் சர்வதேசப் பாடசாலைகள் எனப்படுவனவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிள்ளைகளைத் தயார் செய்வது கேம்பிறிட்ஜ் அல்லது எடெக்செல் பரீட்சைகளுக்கேயாம். இரண்டும் இங்கிலாந்தின் பரீட்சைகள். எடெக்செல் என்பது பியர்சன் என்னும் பகிரங்கக் கம்பனியின் உடைமை. பங்குதாரருக்கு இலாபம் காட்ட வேண்டியது அதன் கடமை. ஜெனீவாவில் 1968ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேச பக்கலோறியா அமைப்பு ஒன்றே பெயருக்கேற்பப் பல நாட்டார் கூடி அமைத்தது எனலாம். அதுவும் ஆதியில் நாடு விட்டு நாடு மாறும் இராஜதந்திரிகள், உலக நிறுவன உத்தியோகத்தர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் ஏற்கப்படக்கூடிய ஒரு சான்றிதழ் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. அந்தத் தேவை நியாயமானதே. ஆனால் கொக்கிளாய்க் களப்பின் ஓரத்தில் பிறந்து, இந்த மண்ணிலேயே வாழப்போகும் பிள்ளையின் தேவை அதுவன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்துப் பரீட்சைக்கு இலங்கைப் பிள்ளைகளைத் தயார் செய்வது புதுமையா? 1880களிலேயே கேம்பிறிட்ஜ் பரீட்சைகள் இங்கு நடைபெறத் தொடங்கிவிட்டன. கட்டணம் செலுத்தக்கூடிய சிலர் ஆங்கிலப் பாடசாலையிற் படித்து இலண்டன், கேம்பிறிட்ஜ் பரீட்சைகள் எழுதி உத்தியோகம் பெற்றனர். ஏனையோர் சுயமொழிப் பாடசாலையில் எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டு வயலுக்கும் கடலுக்கும் திரும்பினர். இந்த இருவகைக் கல்வியே குடியேற்ற ஆட்சியின் முதுகெலும்பாக இருந்தது. எனவே இன்று எதிர்காலத்தின் கல்வி என்று நமக்கு விற்கப்படுவது, நம் பாட்டன்மார் எதிர்த்துப் போராடிய பழைய பண்டமே. மேலே சுற்றிய காகிதம் மட்டும் புதியது.

அந்த இருவகைக் கல்வியை உடைத்த வரலாற்றை நம் மாணவர் பலர் அறியார். 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி 1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஆய்வுகூடமும், நூலகமும், விடுதியும் கொண்ட அப்பாடசாலைகளுக்கு ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளை அழைத்துவரவே ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தோன்றியது. பணமுடையவரும், கட்டணப் பாடசாலைகளை நடத்தியவரும் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர். கன்னங்கரா 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தம் தொகுதியிலேயே தோற்கடிக்கப்பட்டார். ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தவரை வசதி படைத்தோர் எப்படி நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1960இலும் 1961இலும் நிறைவேறிய சட்டங்களினால் உதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்காகத் தனியார் புதிதாகப் பாடசாலை நிறுவுவதையே தடை செய்தது. அவ்வாறாயின், இன்று நகரந்தோறும் காணப்படும் சர்வதேசப் பாடசாலைகள் எங்கிருந்து முளைத்தன? 1977ஆம் ஆண்டுக்குப் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் அவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டன. சட்டத்தின் கண்ணில் அவற்றுட் பெரும்பாலானவை பாடசாலைகளல்ல, கம்பனிகள். கல்வி அமைச்சு நேரே மேற்பார்வை செய்யும் நிறுவனங்களுமல்ல. ஒரு சந்ததி போராடிப் பூட்டிய கதவின் பக்கச் சுவரில் ஓட்டை போட்டார்கள். அரசாங்கங்கள் மாறி மாறி வந்தன. ஓட்டையை அடைக்க எவரும் முன்வரவில்லை. காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேடையில் இலவசக் கல்வியைப் போற்றும் கனவான்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பரீட்சை எழுதுகிறார்கள் என்று விசாரித்தாற் போதும். முற்போக்குப் பேசும் நம் அணியிலும் அத்தகையோர் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துக் கூற நம்மால் முடியுமா?

எதிர்த்தரப்பார் கூறுவதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. அவ்வாறு வாதிப்பது நேர்மையன்று. அப்பாடவிதானங்களின் வினாத்தாள்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் ஒரு மூலாதாரத்தைக் கொடுத்து, இதை எழுதியவர் யார், ஏன் எழுதினார், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கிறார்கள். விஞ்ஞானத்தில் மாணவர் தாமே சோதனை செய்து, பிழை எங்கே நேர்ந்தது என்று விளக்க வேண்டியிருக்கிறது. நம் பரீட்சைகளோ பெரும்பாலும் மனனத்துக்குப் பரிசளிக்கின்றன. பாடப்புத்தகத்தின் வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவனுக்கு முழுப் புள்ளி. சொந்தச் சொல்லில் எழுதுகிறவனுக்கு ஐயப் பார்வை. ஐந்தாந் தரப் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளை விளையாட்டை மறந்து பிரத்தியேக வகுப்புகளில் அடைபட்டுக் கிடக்கிறது. இக்குறைகளை மூடி மறைத்துவிட்டு இலவசக் கல்வி வாழ்க என்று கோஷமிடுவது அக்கல்விக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மூலாதாரத்தை ஐயுற்று நோக்கும் பழக்கமும், சோதனை செய்து பார்க்கும் வாய்ப்பும் நல்லவை என்றால், அவை கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் ஏன் நல்லவை? மீன்பிடிக்கப் போகப்போகும் பிள்ளைக்குப் பத்திரிகைச் செய்தியை ஐயுறத் தெரிய வேண்டாமா? ஆலையில் வேலை செய்யப்போகும் பிள்ளைக்கு அளவையில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டாமா? நல்ல கல்வி என்று ஒன்றை ஒத்துக்கொண்ட மறுகணமே, அதை எல்லார்க்கும் கேட்கும் கடமை நம் மேல் விழுகிறது. ஒரு பிள்ளைக்கு மட்டும் அதை விலை கொடுத்து வாங்கி, ஏனையோரை மனனத்திடமே விட்டுவிடுவது கல்விச் சீர்திருத்தம் ஆகாது. கசியும் கூரையின் கீழ் நாற்பது பேர் இருக்க, ஒருவனுக்குக் குடை வாங்கிக் கொடுப்பது போன்றது அது.

கல்வியின் ஆழம் பாடவிதானத்தின் பெயரிலோ, பரீட்சை வந்த நாட்டிலோ, போதிக்கும் மொழியிலோ இல்லை. பாடத்தை நன்கறிந்த ஆசிரியர், போதிய நேரம், கையால் தொட்டுச் செய்து பார்க்கும் ஆய்வுகூடம், எடுத்துப் படிக்க நூல், பிழை விட்டால் ஏளனம் செய்யாத வகுப்பு ஆகியவற்றிலே அது இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இங்கு வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் போதித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் முதலிய துறைகளிலே நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். அவரிடம் தமிழிற் படித்தவர்கள் வைத்தியர்களாயினர். அந்தக் கல்வி ஆழமற்றதா? ஆங்கிலத்தை வெறுக்கச் சொல்லவில்லை; ஆங்கிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டிய கருவி, அதை நன்றாகக் கற்பிக்காதது நம் குற்றம். கருவியை அறிவென்று மயங்கலாகாது என்பதே நாம் கூறுவது.

அடுத்து, ‘விசேட ஆற்றல்’ என்ற கருத்துக்கு வருவோம். யார் கெட்டிக்காரர் என்று எவ்வாறு அறிவது? அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லூயிஸ் ரேர்மன், 1921ஆம் ஆண்டு தொடங்கி, நுண்மதிப் பரீட்சையில் மிகவுயர்ந்த புள்ளி பெற்ற கலிபோர்னியாப் பிள்ளைகள் 1,500 பேருக்கு மேற்பட்டோரைத் தெரிந்தெடுத்து, அவர்தம் வாழ்நாள் முழுவதும் ஆராய ஏற்பாடு செய்தார். அவர்களுட் பலர் வாழ்க்கையில் நல்ல நிலையை எய்தினர். ஆனால் நோபல் பரிசு பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அதே பரீட்சையை எழுதி, புள்ளி போதாதென்று விலக்கப்பட்ட சிறுவர் இருவர் பிற்காலத்திற் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்: வில்லியம் ஷொக்லி 1956இல், லூயிஸ் அல்வாரெஸ் 1968இல். நிபுணர்கள் கூடி, பெரும் பொருட்செலவில், விஞ்ஞான முறைப்படி செய்த தெரிவின் இலட்சணம் இதுவானால், ஒரு கம்பனி அரைமணி நேர நேர்முகத்தில், அதுவும் கட்டணம் செலுத்த இயலுமா என்று அறிந்த பிறகு, செய்யும் தெரிவைப் பற்றி என்ன சொல்வது!

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர்ப் பதினொரு வயதுப் பிள்ளைகளை ஒரே பரீட்சையால் வகைபிரித்தார்கள். சிலருக்குக் கிராமர் பாடசாலை. மிகப் பலருக்கு இரண்டாந்தரப் பாடசாலை. அறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது என்ற கொள்கை இதற்குத் துணை நின்றது. அக்கொள்கையின் முதன்மை ஆசாரியரான சிரில் பேர்ட் என்பாரின் இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுத் தரவுகள் புனையப்பட்டவை என்ற பலத்த குற்றச்சாட்டு, அவர் 1971இல் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுந்தது. 1965 முதல் அந்நாட்டின் பெரும்பகுதி இப்பிரிவினையைக் கைவிட்டுப் பொதுப் பாடசாலை முறைக்கு மாறத் தொடங்கியது. மைக்கல் யங் என்ற சமூகவியலாளர் 1958இல், தகுதியுடையோர் ஆளும் சமுதாயம் எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதைக் காட்ட ஓர் அங்கத நூல் எழுதினார். அவர் எள்ளி நகையாடிய அந்தத் ‘தகுதியாட்சி’யையே இன்று நம் விளம்பரதாரர் இலட்சியமென்று கூவி விற்கின்றனர்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். மிகச் சிலர் சித்தியடைகின்றனர். சித்தியடையாத பிள்ளை, தான் மந்தபுத்தி என்று பத்து வயதிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதிகாலையில் வாப்பாவோடு கரைக்குப் போய் வலையிழுத்துவிட்டு வந்து கண் சோர்ந்து வகுப்பிலிருக்கும் சிறுவனை நாம் பார்த்திருக்கிறோம். காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் கொண்டு மீன் எங்கே கூடும் என்று அவன் கூறும் விளக்கம், தர்க்கத்தில் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறைந்ததன்று. அவனுடைய அறிவை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. கோல் இல்லாத குற்றத்தை அவன் தலையிற் சுமத்துகிறோம்.

புல்மோட்டையில் வாழும் நமக்கு இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள வேறொரு வழியும் உண்டு. நம் கடற்கரை மணல் கருமை நிறமானது. இல்மனைட்டு, ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனியங்கள் செறிந்தது. 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. மணலை அள்ளி, கழுவி, காந்தத்தால் பிரித்தெடுத்து, கப்பலேற்றி அனுப்புகிறோம். அந்நிய நாட்டுத் தொழிற்சாலையில் அது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்ணிறப் பொடியாகிறது. சுவருக்குப் பூசும் வர்ணமாகவும், வேறு பல பண்டங்களாகவும் மாறி, பன்மடங்கு விலையுடன் நம் கடைக்கே திரும்பி வருகிறது. மணலை இங்கேயே பண்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் பழமையானது. மூலப்பொருளாக அனுப்பாதே என்று மணலுக்காகக் குரல் கொடுக்கும் நாம், பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்கிறோம்? வகுப்பைச் சல்லடையிற் போட்டு, செறிவான தூளைப் பிரித்தெடுத்து, அந்நியப் பரீட்சைக்கும் அந்நியப் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்றுமதி செய்வதே இலட்சியம் என்கிறோம். மணலை இரசாயன முறையில் மாற்றக்கூடிய பொறியியலாளர் இங்கே உருவாகாததற்கும், இல்மனைட்டை அப்படியே கப்பலேற்றுவதற்கும் உள்ள தொடர்பை யார் யோசிக்கிறார்கள்?

இதற்கு மறுமொழியாகச் சிலர் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்பார்கள். அஃது உணர்ச்சியுள்ள கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. “உங்கள் கொள்கைக்காக என் பிள்ளையின் எதிர்காலத்தைப் பலி கொடுக்க வேண்டுமா?” என்பார்கள். எந்தத் தாயையும் நாம் குற்றஞ்சாட்டவில்லை. பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளையை வைத்திருந்து தியாகியாகும்படி ஏழையிடம் கேட்பது கொடுமை. ஆனால் அந்தத் தாயோடு உட்கார்ந்து கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர். விளம்பரதாரர் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார்.

கணக்கு இதுதான். இலங்கையின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி, இலங்கை உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டே வழங்கப்படுகிறது. பிறநாட்டுப் பரீட்சைத் தகைமை உடையோர்க்கு விடப்படும் இடங்கள் மிகச் சொற்பம். உயர்தரத்தில் தகுதி பெறுவோரிலேயே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு பின்தங்கியவையெனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. இந்தப் பிள்ளை இலண்டன் பரீட்சையின் பாதையில் ஏறினால், அன்றே இவ்வுரிமைகள் யாவும் கைநழுவிப்போகும். பிறகு எஞ்சுவது தனியார் பட்டமும் பிறநாட்டுப் பல்கலைக்கழகமுமே. அங்கே கட்டணம் பல மடங்கு. கட்டாரில் கொத்து வேலை செய்பவரின் முதுகு அதுவரை தாங்குமா? ஒப்பந்தம் முடிந்து அவர் திரும்பிவிட்டால், நடுவழியில் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பாதையுமில்லை, இந்தப் பாதையுமில்லை. பணக்காரன் பிள்ளைக்கு இப்பாதை ஒரு பாலம். ஏழையின் பிள்ளைக்கோ பாதியில் முடிந்துபோகும் பாலம். விளம்பரத்தாளில் பாலத்தின் முன்பகுதி மட்டுமே அச்சாகியிருக்கிறது.

தனிப் பிள்ளையின் கணக்கு இவ்வாறாக, ஊரின் கணக்கு வேறொன்று. ஒரு பாடசாலைக்கு ஆய்வுகூடம் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்தின் வாசலில் நிற்பவர் யார்? பிள்ளையின் திறமையைக் கண்டு துடிக்கும் பெற்றோர்தாம். அவர்கள் வெளியேறிய மறுநாள் அந்தப் பாடசாலை குரலிழந்துவிடும். குரலற்ற பாடசாலைக்கு யார் ஆசிரியரை அனுப்புவார்கள்? ஆசிரியரில்லாத பாடசாலையிலிருந்து மேலும் இருவர் போவர். இப்படியே ஊர்ப் பாடசாலை, போக வழியில்லாதோர் தங்கும் மடமாகிவிடும். நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை ஏறத்தாழ ஆயிரமே. 2020இலும் 2021இலும் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, கைத்தொலைபேசி வழியே பாடம் நடந்தபோது, சமிக்ஞை தேடி மலையுச்சியிலும் மரத்திலும் ஏறியிருந்த பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளிற் கண்டோம். அதே வேளையில் கொழும்பிற் சில பிள்ளைகள் குளிரூட்டிய அறையிலிருந்து இடையூறின்றிப் படித்தனர். இருவரும் ஒரே நாட்டின் பிரசைகள் என்று கூற நமக்கு நா கூச வேண்டும்.

பொதுப் பாடசாலையால் உயர்ந்த தரத்தை எட்ட இயலாது என்பதும் பொய். பின்லாந்து நாடு 1972இல் தொடங்கி, மிகப் பின்தங்கிய வட பிரதேசத்திலிருந்து தெற்கு நோக்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப் பாடசாலை முறையை அமைத்தது. 1985இல் திறமைவாரியாக வகுப்புப் பிரிப்பதையும் ஒழித்தது. 2000ஆம் ஆண்டில் நடந்த முதலாவது பீசா என்னும் பன்னாட்டு மதிப்பீட்டில், வாசிப்புத் திறனில் அந்நாட்டுப் பிள்ளைகளே முதலிடம் பெற்றனர். அதன்பின் அவர்களுடைய புள்ளிகள் சரிந்திருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்தால் கெட்டிக்காரர் கெட்டுப்போவர் என்ற வாதம் அன்றே தோற்றுவிட்டது. அங்கே ஆசிரியராவதற்கே முதுமாணிப் பட்டம் வேண்டும். இரகசியம் அதில் இருக்கிறது. ஏற்றுமதியாகும் பாடவிதானத்தில் இல்லை.

நம் நாட்டிலும் போராட்டமின்றி எதுவும் நிலைக்கவில்லை. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்க வேண்டுமென்று பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் 2012இல் மாதக்கணக்காக வேலைநிறுத்தம் செய்தன. மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரிக்கெதிராக மாணவர் 2017இல் தெருவில் இறங்கினர், அது மூடப்பட்டது. பட்டத்தை விற்பதற்கெதிராக எழுந்த அதே ஆவேசம், ஆறு வயதுப் பிள்ளையின் கல்வி விற்கப்படும்போது ஏன் எழவில்லை? பல்கலைக்கழக வாசலிற் காவல் நின்ற நாம், பாலர் வகுப்பின் வாசலை மறந்துவிட்டோம்.

ஆகவே கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைப்போம். ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் குறைந்தது ஒரு பாடசாலையிலாவது கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகிய நான்குக்கும் நிரந்தர ஆசிரியர் வேண்டும். தூரத்துப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பாதுகாப்பான விடுதி வேண்டும்; விடுதியில்லாமையாலேயே நம் கரையோரக் கிராமங்களில் எத்தனையோ பெண்களின் விஞ்ஞானப் படிப்பு பதினாறு வயதில் முடிந்துவிடுகிறது. மனனத்துக்குப் பரிசளிக்கும் பரீட்சை முறை மாற வேண்டும். கம்பனிச் சட்டத்தின் நிழலில் இயங்கும் பாடசாலைகள் கல்விச் சட்டத்தின் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும்.

ஆனால் அரசாங்கம் கொடுக்கும் வரை கைகட்டி நிற்க ஆசிரியருக்கு உரிமையில்லை. அரசாங்கத்தை நோக்கி நீட்டும் விரலில் பாதியாவது நம்மை நோக்கித் திரும்ப வேண்டும். கடினமான கணக்கை மூன்று பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஏனையோருக்கு எளிய கணக்கைக் கொடுப்பவர் யார்? பாடசாலை நேரத்தில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு, மீதியைப் பிரத்தியேக வகுப்பில் விற்பவர் யார்? கேள்வி கேட்ட பிள்ளையை “பாடத்தைப் படி” என்று அடக்குபவர் யார்? கொழும்புக் கம்பனி நம் வகுப்பறைக்குள் வரவில்லை. இக்காரியங்களை நாமே செய்தோம்.

அந்தத் தாயை மறுவாரம் வீட்டிற் சென்று கண்டோம். முதலில், பெற்றோர் கூட்டத்தில் நாம் சொன்னது பிழை என்றோம். பிறகு மேலே கூறிய கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் காட்டினோம். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இங்க இருந்தா இவளுக்கு யார் படிப்பிக்கிற?” என்று கேட்டார். அதைவிட நேரான கேள்வியை எந்தக் கல்வி அறிக்கையிலும் நாம் படித்ததில்லை. அயற் பாடசாலைகளின் ஆசிரியர் இருவரோடு சேர்ந்து சனிக்கிழமை தோறும் ஒரு வகுப்பு நடத்துவதென்று அன்று முடிவு செய்தோம். கட்டணமில்லை, தெரிவுப் பரீட்சையுமில்லை. விரும்பியவர் வரலாம் என்றோம். முதல் நாள் பதினொருவர் வந்தனர். அவர்களில் அவளும் ஒருத்தி. வலையிழுக்கும் சிறுவனும் வந்தான். ஒரு கணக்கை அவள் செய்த வழியைப் பார்த்துவிட்டு, அவன் வேறொரு வழி சொன்னான். அவள் சற்றுக் கோபத்தோடு அதைச் சரிபார்த்தாள், சரியாயிருந்தது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. மூன்று ஆசிரியரின் சனிக்கிழமை, ஒரு நாட்டின் கல்விக் கொள்கைக்கு ஈடாகாது. அந்த விளம்பரத்தாள் இன்னும் அவர்கள் வீட்டு அலுமாரியிலேதான் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவள் நம் வகுப்பில் இருப்பாளா என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். தோழ ஆசிரியர்களே, நாளை உங்கள் பாடசாலைக்கும் ஒரு தாய் அத்தாளோடு வருவார். அவரை அனுப்பிவிட்டு வர்க்க பேதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எளிது. “யார் படிப்பிக்கிற?” என்று அவர் கேட்கும்போது, “நாங்கள்” என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. அந்த ஒரு சொல்லைப் பொய்யில்லாமற் சொல்லக்கூடிய பாடசாலையை நாம் அமைக்காதவரை, நம் கெட்டிக்காரப் பிள்ளைகளை விலை பேசுகிறவர்களை ஏசுவதற்கு நமக்கு வாயில்லை.